கொத்துமல்லிச் சட்னியும் கண்மையும்

பெண் பார்க்க வருகிறவர்களிடம், "பலகாரமெல்லாம் பொண்ணு செஞ்சதுதான்" என்று சொல்லாத தாய் உலகத்தில் கிடையாது. என் அம்மா ஒரு படி மேலே போய், தரகர் மூலமாக முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கோ வெந்நீர் வைக்கவே பயம்.

மலாயா சுதந்திரம் வாங்கிய வருஷம் அது. எங்கள் வீடு மலாக்காவில், காஜா பேராங்கில். மாப்பிள்ளை புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, கணக்கெழுதும் வேலை. ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலில் அவரைத் தூரத்திலிருந்து பார்த்து, கட்டினால் இவரைத்தான் என்று நானே முடிவு செய்துவிட்டேன். (வெளியே சொல்லியிருந்தால் அப்பா தோலை உரித்திருப்பார்.) ஆகவே அன்று எனக்கு வாழ்வா சாவா.

சொன்ன பொய்யில் கொஞ்சமாவது உண்மை இருக்கட்டும் என்று அம்மா சட்னியை மட்டும் என்னிடம் விட்டார். "கொத்துமல்லி ரெண்டு கட்டு, பச்ச மிளகா ஒரு கைப்பிடி, தேங்கா, புளி, உப்பு. அம்மியில வெச்சு அரை. இதுக்கு மேல என்னத்த சொல்ல?"

வீட்டில் பச்சை மிளகாய் தீர்ந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மலாக்கா செட்டி அம்மாள் இருந்தார்; பல தலைமுறையாக இந்த ஊரிலேயே ஊறிய வம்சம். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய், உடுத்துவது மலாய்க் கெபாயாச் சட்டை. அவர் தன் செடியிலிருந்து நகம் அளவே இருக்கும் சிலி பாடி மிளகாயைப் பறித்துக் கொடுத்து, "சிக்கிட் சாஜா" என்றார். கொஞ்சம் போதுமாம். அம்மா சொன்ன கைப்பிடி, நீள மிளகாய்க்கான கணக்கு. நானோ குட்டி மிளகாயால் கை நிரம்பும்வரை அள்ளினேன். அம்மா பேச்சைத் தட்டாத பெண் நான்.

அரைத்து முடிக்கவும் வாசலில் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. "கண்ணுக்கு மை வெச்சியாடி?" என்றார் அம்மா. வைக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துவிட்டு, அதே விரலால் மையைத் தொட்டு இரண்டு கண்ணிலும் நன்றாக இழுத்தேன்.

அப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை. கண் திறந்தால்தானே! அம்மாதான் தோளைப் பிடித்துக் கூடத்துக்குத் தள்ளிவந்தார். பவுடர் பூசிய முகத்தில் கறுப்புக் கண்ணீர் தாடைவரை ஓடியதாம்.

"ஏங்க, இஷ்டமில்லாத பொண்ண மிரட்டி நிக்க வெச்சிருக்கீங்களா?" இது மாப்பிள்ளையின் அம்மா.

"மிளகா காரம்ங்க" என்றார் அப்பா.

"காரத்துக்கு இப்படியா அழுவாங்க? ஏய், கிளம்புடா."

இஷ்டம்தான் என்று கத்த நினைத்தேன். விக்கல்தான் வந்தது. அழுகை நிஜமாகவே ஆரம்பித்தது அப்போதுதான்.

"அந்தச் சட்னிய இப்படிக் கொடுங்க, பார்ப்போம்" என்றார் மாப்பிள்ளை. வடையை முக்கி ஒரு வாய் வைத்தார். அவ்வளவுதான். தாரை தாரையாகக் கண்ணீர்.

அதையும் அவர் அம்மா நம்பவில்லை. சம்பந்தம் கைவிட்டுப் போகிறதே என்று மகன் அழுவதாக நினைத்து, "நானும் பார்க்கிறேன்" என்று ஒரு கரண்டி எடுத்துக்கொண்டார். விருந்தாளி அழும்போது வீட்டுக்காரர் சும்மா உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை என்று அப்பாவும் சாப்பிட்டார்.

சத்தம் கேட்டுச் செட்டி அம்மாள் ஓடிவந்தார். வீடு முழுக்க அழுகை. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு, "சியாப்பா மாத்தி?" என்று கேட்டார். யார் செத்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அப்பா சட்னிக் கிண்ணத்தைக் காட்டினார்.

போகும்போது மாப்பிள்ளையின் அம்மா மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "காரம்னு சொன்னது பொய்யில்ல, பொண்ண எடுத்துக்கறோம். ஆனா எங்க வீட்டு அம்மிய மட்டும் தொடக்கூடாது."

இன்றுவரை நான் தொட்டதில்லை. சட்னி அரைப்பது என் வீட்டுக்காரர்தான்.

எங்கள் மகளின் கல்யாணத்தில், தாலி ஏறிய நேரம் எனக்குத் தாங்கவில்லை, தேம்பித் தேம்பி அழுதேன். ஒருவரும் தேற்ற வரவில்லை. இவர் மட்டும் மெதுவாகப் பக்கத்தில் வந்தார், என் கையைப் பிடித்தார், விரலை மோந்து பார்த்தார்.