முப்பத்தேழு குழாயில் ஒரே ரத்தம்

1996 நவம்பர் 18, திங்கட்கிழமை, முற்பகல் மணி 11.20. பரிசோதனைக்கு வந்த ரத்த மாதிரிக் குழாய்கள் முப்பத்தேழு. நோய் இருக்கிறது என்று காட்டியவை முப்பத்தேழு.

கோயமுத்தூர்,
22.11.1996

மதிப்பிற்குரிய மாமா சென்னியப்பன் அவர்களுக்கு, தங்கை மகன் கௌதமன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சௌக்கியம். அடுத்த வரியில் உங்கள் சௌக்கியத்தைக் கேட்பது மரியாதை. கேட்கவில்லை, மன்னிக்கவும். அதைத் திங்கட்கிழமையே மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டேன். இந்தக் கடிதத்தைத் தறிக்குடோனில் தனியாக உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஆள் யாராவது வந்தால் மடித்து வைத்துக்கொண்டு படிக்கவும்.

விஷயத்துக்கு வருகிறேன். கருமத்தம்பட்டி விசைத்தறித் தொழிலாளர் சங்கத்துக்குப் பால்வினை நோய் முகாம் நடத்தித் தருகிறேன் என்று சொன்னவன் நான். முகாம் அன்று, அதாவது போன ஞாயிற்றுக்கிழமை, கிணத்துக்கடவில் வேறொரு முகாம் இருந்ததால் எனக்குப் பதிலாகக் கம்பவுண்டர் வெங்கடபதியை அனுப்பினேன். லேப் டிப்ளமோ படித்தவன் செய்கிற முட்டாள்தனத்துக்கும் ஓர் எல்லை உண்டு, நான் அதைத் தாண்டினேன். திங்கட்கிழமை குழாய்கள் வந்தன. ஒவ்வொன்றாக ஸ்லைடில் விட்டு, மருந்துத் துளி சேர்த்து, நான்கு நிமிடம் சுற்றிப் பார்த்தால், முதல் ஸ்லைடில் திரிதிரியாகத் திரண்டிருந்தது. அப்படித் திரண்டால் சிபிலிஸ் இருக்கலாம் என்று பொருள். இரண்டாவதும் அப்படியே. பத்தாவது வந்தபோது மருந்து கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் புதுப் பாட்டிலை உடைத்தேன். இருபதாவதில் என் கண் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். முப்பதாவதில் என் கையிலேயே ரத்தம் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அது தெளிவாக இருந்தது. ஆக மருந்தும் சரி, கண்ணும் சரி, கெட்டிருப்பது கருமத்தம்பட்டிதான் என்று முடிவு கட்டி, சுகாதார அலுவலகத்துக்குத் தந்தி அடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சங்கத்து அடையாள அட்டையில் எழுத ரத்த வகையும் கேட்டிருந்தார்கள். பார்த்தேன். முப்பத்தேழும் பி நெகட்டிவ். நூறு பேரில் இரண்டு பேருக்கு இருந்தால் அதிகம். முப்பத்தேழு பேரும் அதுவாகவே அமைய எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டேன். புள்ளி வைத்து அறுபத்திரண்டு பூஜ்ஜியம் எழுதி, அதற்கப்புறம்தான் முதல் எண்ணே வருகிறது. பேப்பர் தீர்ந்துவிட்டது. உடனே சங்கச் செயலாளர் கண்ணையாவுக்குப் போன் போட்டேன்.

நோயைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஏனுங்க, முப்பத்தேழு பேருக்கும் ஒரே ரத்த வகையா இருக்குதே, எப்படீங்க?" என்றுதான் கேட்டேன். அவருக்கு ஒரு தயக்கமும் இல்லை.

"அத ஏங்கண்ணு கேக்கறீங்க. பசங்க எல்லாம் பயந்து போயிட்டானுங்க. எவன் எங்கெங்க போயிட்டு வந்தான்னு அவனவனுக்குத்தானுங்களே தெரியும்? ரிசல்ட்ட பேரு போட்டுச் சங்கத்து போர்டுல ஒட்டிருவாங்கன்னு வேற தெரிஞ்சுபோச்சு. செரி, ஊருக்குள்ள ஒரு தப்புத்தண்டாவுக்கும் போகாத மனுசன் ஆருன்னு பாத்தோம். சென்னியப்பண்ணன் இருக்கறாரு. பொண்டாட்டி புள்ள இருந்தும் சாமியாராட்டம் பன்னண்டு வருசமாக் குடோன்ல தனிப் பாயில படுக்கறவரு. அவரு ரத்தத்துல என்னங்க இருந்துறப் போவுது? எல்லாத்துக்கும் அவரு கையையே குடுக்கச் சொல்லிப்போட்டோம்."

"கம்பவுண்டர் ஒண்ணுமே சொல்லலீங்களா?"

"வெங்கடபதீங்களா? முப்பத்தேழு குத்துக்குப் பதிலா ஒரே குத்து, ஊசியும் மிச்சம், நேரமும் மிச்சம்னு அவருக்கு ரொம்ப சந்தோசமுங்க."

கேட்டுக்கொண்டே நான் பட்டியலைப் படபடவென்று புரட்டினேன். அவர் அந்தச் சத்தத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு, "ஏனுங்க, ஆகாதுங்களா? ஆகாதுன்னா இன்னொரு நல்ல மனுசனாப் பாத்துத் தரட்டுங்களா?" என்றார். ரத்தப் பரிசோதனையை இவர்கள் நன்னடத்தைச் சான்றிதழ் என்று நினைத்திருக்கிறார்கள், மாமா. கெசட்டட் ஆபீசரிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்குவது போல உங்களிடம் ரத்தம் வாங்கியிருக்கிறார்கள். நீங்களும் பெருமையாகக் கையை நீட்டியிருக்கிறீர்கள். இதில் என்னைக் கொல்கிற விஷயம் ஒன்று உண்டு. பட்டியலை மேலிருந்து கீழே மூன்று தடவை பார்த்தேன், உங்கள் பெயர் இல்லை. "எனக்கெதுக்கப்பா டெஸ்ட்டு?" என்று சொல்லிவிட்டீர்களாம். முப்பத்தேழு பேருக்காக ரத்தம் கொடுத்த ஆள் தனக்காக மட்டும் கொடுக்கவில்லை!

ஒரு டெஸ்டை வைத்து யாரையும் நோயாளி ஆக்கக்கூடாது. மலேரியா வந்துபோனவனுக்குக்கூட இந்த டெஸ்ட் சில சமயம் பொய் சொல்லும். அதனால் பெயர் போடாமல் ஒரு குழாயைப் பெரிய லேபுக்கு அனுப்பி வேறு முறையில் பார்க்கச் சொன்னேன். நேற்று தாள் வந்தது. பொய் இல்லை. ஊரில் எல்லாவற்றையும் மேகநோய் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள். இதற்குப் பெயர் சிபிலிஸ். நீங்கள் லாரி ஓட்டிய ஆறு வருடத்தில் எங்கே ஏறியது, வால்பாறைத் தேயிலை லோடிலா, பம்பாய்த் துணி லோடிலா என்று நான் கேட்கவில்லை. அது கிருமிக்கும் தேவையில்லை, ஊசிக்கும் தேவையில்லை. ஆனால் எப்படி நடந்திருக்கும் என்று சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். ஒரு புண் வந்திருக்கும். வலித்திருக்காது. மாதம் ஒரு முறை லாட்ஜில் ரூம் போட்டு, வாசலில் தன் போட்டோவை மாட்டி வைத்திருக்கும் வைத்தியரிடம் போயிருப்பீர்கள். அவர் லேகியம் கொடுத்திருப்பார். நான்கைந்து வாரத்தில் புண் ஆறியிருக்கும். வைத்தியருக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பீர்கள். லேகியத்துக்குப் பதில் தேங்காய்ச் சட்னி சாப்பிட்டிருந்தாலும் அந்தப் புண் அதே நாளில்தான் ஆறியிருக்கும் மாமா. ஆறுவது புண், கிருமி அல்ல. அது உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். பத்து வருடம், இருபது வருடம் சத்தமில்லாமல் கிடந்துவிட்டு ஒருநாள் இருதயத்தையோ மூளையையோ கண்ணையோ பிடிக்கும். பிடித்தபின் எந்த லாட்ஜ் வைத்தியரிடமும் அதற்கு லேகியம் கிடையாது.

இன்னொன்றையும் எழுதித்தான் ஆகவேண்டும், கோபப்பட்டால் படுங்கள். மாசாணி அத்தைக்கு மூன்று கர்ப்பம் வீணாயிற்று. இரண்டு கலைந்தது, ஒன்று உயிரில்லாமல் பிறந்தது. அப்போது நம் சொந்தத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் அத்தையைத்தான் பேசினார்கள். ராசியில்லாதவள் என்றார்கள். எத்தனை கோயில், எத்தனை மண்சோறு, எத்தனை மந்திரித்த கயிறு! என் அம்மாவும் பேசியவர்தான், அதை மறைக்கவில்லை. உங்களை ஒருத்தர் கேட்டதுண்டா? கணவனிடமிருந்து மனைவிக்கு, மனைவியிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கு என்று இந்த நோய் போகும் வழியைப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு அத்தை முகம்தான் ஞாபகம் வந்தது. படித்து நான்கு வருடம் ஆகிறது, இப்போதுதான் எழுதக் கை வந்திருக்கிறது. அதனால் அத்தையும் டெஸ்ட் எடுக்கவேண்டும், மகள் அன்புச்செல்வியும் எடுக்கவேண்டும். சொல்ல வேண்டியது நீங்கள். இது உங்கள் ரகசியம், நான் யாரிடமும் மூச்சு விடமாட்டேன்.

பயப்பட ஒன்றுமில்லை. சாப்பிட்ட தட்டில், உட்கார்ந்த இடத்தில், கொசுவில் இது ஒட்டாது. பெனிசிலின் ஊசி இருக்கிறது. முதலில் ஒத்துக்கொள்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். பிறகு வாரம் ஒன்று, மூன்று வாரம். இடுப்புக்குக் கீழே கொஞ்சம் வலிக்கும், சைக்கிளில் நின்றுகொண்டு ஓட்டவேண்டி வரும். அவ்வளவுதான். இனி வராமல் இருக்க ஆணுறை. அதையும்தான் சங்கத்தில் ஒரு பெட்டி நிறைய வைத்தேன், நான்கு நாளில் காலி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. விசாரித்தால், அதன் மேலிருக்கும் வழவழப்பு, தறியில் நூலோடு குறுக்கே ஓடும் நாடாவுக்குத் தடவ நன்றாக இருக்கிறதாம், நாடா சிக்காமல் ஓடுகிறதாம். கருமத்தம்பட்டியில் இப்போது பால்வினை நோயே வராத ஒரு சாதனம் உண்டென்றால் அது தறி நாடாதான்.

இனி நான் செய்யப்போவது:

1. முப்பத்தேழு ரிசல்ட்டையும் கிழித்துப் போடுவேன். அது யாருடைய ரிசல்ட்டும் இல்லை, உங்களைத் தவிர.

2. டிசம்பர் முதல் ஞாயிறு நானே வருவேன். அவனவன் கை, அவனவன் ரத்தம். குழாயில் பெயர் இருக்காது, நம்பர் மட்டும். போர்டில் பெயர் ஒட்டும் யோசனை கண்ணையாவுடையது, அதைக் கேட்டுக்கொண்டு தலையாட்டியது நான். பயந்து ஓடியவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை.

3. வெங்கடபதியை ஊசி இருக்கும் அறைப் பக்கமே விடமாட்டேன்.

4. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். நீங்கள் வந்தால் டாக்டரிடம் கூட்டிப்போவேன்.

5. அத்தையிடம் நீங்கள் சொல்ல ஒரு வாரம் பொறுப்பேன். சொல்லவில்லை என்றால் மறுபடியும் இதைவிட மோசமாக ஒரு கடிதம் எழுதுவேன்.

அன்புச்செல்வியை நன்றாகப் படிக்கச் சொல்லவும். அத்தைக்கு என் வணக்கம். உங்களுக்கு என் வணக்கமும், மிச்சமிருக்கும் மரியாதையும்.

இப்படிக்கு,
கௌதமன்

பி.கு.: உறையை ஒட்டும்போது லேப் வாசலில் அத்தை. கண்ணையா தன் வீட்டில் சொல்லியிருக்கிறார், அந்த அம்மா தண்ணீர்க் குழாயடியில் சொல்லியிருக்கிறார்.

"ஏங்கண்ணு கௌதமா, முப்பத்தேழு பேருக்கும் உங்க மாமன் ரத்தத்தையே குடுத்துப்போட்டாங்களாமா?"

நான் உறையை நோட்டுக்கு அடியில் தள்ளினேன்.

"அப்ப முப்பத்தேழுலயும் அது வந்திருக்குமே."

"அத்தை, அதெல்லாம் ரகசியமுங்க."

"என்ற ஊட்டு ரகசியத்த எங்கிட்டயே மறைக்கறயா?" என்று பையிலிருந்து மஞ்சளேறிய ஒரு அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய ஆஸ்பத்திரி அட்டை. அன்புச்செல்வி வயிற்றில் மூன்று மாதமாக இருந்தபோது டெஸ்ட், ஊசி, பிறந்தபின் குழந்தைக்கும் டெஸ்ட், எல்லாம் தேதியோடு இருக்கிறது.

"டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாங்க, ஊட்டுக்காரரையும் கூட்டிட்டு வா, அவருக்கும் ஊசி போடோணும்னு. மூணு தடவ கூப்பிட்டேன். எனக்கெல்லாம் ஆறிப்போச்சு, ஊசி போட்டா நாந்தான் தப்புப் பண்ணுனவன்னு ஆயிருமேன்னாரு. அப்பச் செரி, ஊசி போடற வரைக்கும் பாயைத் தூக்கிட்டுக் குடோனுக்குப் போங்கன்னுட்டேன். பன்னண்டு வருசமாச்சு. ஊருக்காரங்க சாமியாருன்னாங்க. நானும் எதுக்கு வம்புன்னு உட்டுப்போட்டேன்."

ஆக, மேலே நான்கு பக்கம் உங்களுக்கு விளக்கியதெல்லாம் உங்களுக்கு முன்பே தெரியும். தெரியாமல் இருந்தவன் டிப்ளமோ படித்த நான் ஒருவன். அத்தைக்கு இன்றும் ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்தேன், தெளிவாக இருக்கிறது. பட்டியலைத் திருத்திக்கொள்ளவும்:

4. பஸ் ஸ்டாண்டில் நான் நிற்கப் போவதில்லை, அத்தை நிற்பார்.

5. அடித்துவிட்டேன்.

6. அத்தை சொல்லச் சொன்னது: மூன்று வாரம், மூன்று ஊசி, மூன்று சீட்டு. மூன்றாவது சீட்டைக் காட்டுகிற அன்றைக்குத் துறவறத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரலாம். உள்ளே விடுவதா வேண்டாமா என்று அத்தை அப்போது யோசிப்பாராம்.