தூக்குக்குண்டு எடை போட்ட பாவம்

திருச்சியில் மாலை நான்கு மணிக்குக் கூட்டம் பார்க்கச் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. அங்கே ஒரு மருத்துவமனையின் ஆண்கள் ஆபரேஷன் வார்டுக்குப் போனால் போதும். நோயாளிகளைப் பார்க்க வந்த கூட்டமல்ல. தூக்குக்குண்டு சாமியைப் பார்க்க வந்த கூட்டம். ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோவில் வந்தார்கள். துவாக்குடியிலிருந்து பஸ் மாறி வந்தார்கள். சாமிக்குக் காத்திருந்த நேரத்தில், நோயாளிக்கு வாங்கிய ஆரஞ்சைத் தாங்களே உரித்துத் தின்றார்கள். (இந்தக் கதையைச் சொல்பவனும் வரிசையில் நின்றவன்தான். அவன் முறை வருவதற்குள் சாமி விற்கும் கயிறு தீர்ந்துவிட்டது. அதனால் பகுத்தறிவாளனாகிவிட்டான்.)

சாமியின் நெற்றி காலி. கழுத்தில் மட்டும் உருத்திராட்சம், சிலுவை, முஸ்லிம்கள் ஓதும் தஸ்பீஹ் மணி மூன்றும் தொங்கின. யாரையும் விட்டுவிடக்கூடாது என்ற நல்லெண்ணம்! கையில், சுவர் நேராக இருக்கிறதா என்று கொத்தனார் பார்க்கும் தூக்குக்குண்டு. அதற்கு மஞ்சள் பூசியிருந்தார். நோயாளியின் கால் பெருவிரலுக்கு மேலே அதைத் தொங்கவிடுவார். ஆடினால் பாவம். நின்றால் புண்ணியம்.

"வலிங்கிறது பாவத்தோட எடையப்பா!" என்பார். ஆட்டத்துக்குத் தக்கபடி முடிச்சுப் போட்ட கயிறு விற்பார். மாத்திரை தின்றால் கயிறு வேலை செய்யாதாம்.

ஏழாம் கட்டிலில் தைரியராஜ். சத்திரம்–ஸ்ரீரங்கம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குடலிறக்க ஆபரேஷன். எட்டாம் கட்டிலில் முஜிபுர் ரஹ்மான். அதே நாள், அதே டாக்டர், அதே ஆபரேஷன். அவரோ மறுநாளே இரண்டு மாத்திரையில் எழுந்து நடந்து, சவூதியில் இருக்கும் மகனோடு போனில் சிரித்துக்கொண்டிருந்தார். தைரியராஜுக்கு ஒரு தும்மல் வந்தால் உயிர் போய்த் திரும்பியது.

சாமியின் குண்டு எட்டாம் கட்டிலில் அசையவில்லை. ஏழாம் கட்டிலில் ஊஞ்சலாடியது. ஒன்பது முடிச்சு!

மனைவி வியாகுலம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஒம்போது முடிச்சுக்கு எனக்குத் தெரியாம என்னங்க பண்ணீங்க?"

"ஒண்ணுமில்லடி."

"பாய்க்கும் அதே ஆபரேஷன்தானே. எப்படி நடக்கிறாரு பாருங்க."

தைரியராஜ் முப்பது வருடக் கண்டக்டர் வாழ்க்கையைத் துழாவினார். "ஓடி வர்ற ஆளப் பார்த்தும் விசில் ஊதியிருக்கேன்."

"அதுக்கு ஒரு முடிச்சு. மிச்சம் எட்டு?"

அன்றிலிருந்து மாத்திரைகள் தலையணை உறைக்குள் போயின. நர்ஸ் கேட்டால், "வலியா? ஏது?" என்பார். இருமலை விழுங்கினார். கட்டிலை விட்டு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை நர்ஸ் ஜெஸிமா உறையை மாற்றியபோது மாத்திரைகள் பொலபொலவென்று உதிர்ந்தன.

"இருமாம, நடக்காம கிடந்தா சளி நெஞ்சுல கட்டிக்கும்யா. இப்பவே உடம்பு சுடுது."

"அதே ஆபரேஷன்தானேம்மா. எனக்கு மட்டும் ஏன்?"

"ஒரே காரக்குழம்புதான். ஒருத்தர் இன்னொரு கரண்டி கேக்கிறாரு. ஒருத்தர் சொம்புத் தண்ணியக் குடிக்கிறாரு. தண்ணி குடிச்சவரு பாவியா? நரம்பு, தூக்கம், பயம், மருந்து உடம்புல வேலை செய்யிற விதம், எல்லாமே ஆளுக்கு ஆள் வேற. நீங்க வாயத் திறந்து சொன்னாத்தான் டாக்டர் உங்க அளவுக்குக் கொடுக்க முடியும்."

"அப்ப குண்டு ஆடுனது?" என்றாள் வியாகுலம்மாள்.

"இன்னிக்கும் ஆடுதான்னு பாத்துடலாங்கம்மா."

டாக்டரிடம் பேசி மருந்தை மாற்றி ஊசி போட்டார் ஜெஸிமா. மாலைக்குள் தைரியராஜ் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு, எட்டே அடி நடந்து எட்டாம் கட்டிலுக்கு மாறினார். முஜிபுர் ரஹ்மான் உற்சாகமாகத் திரைக்குப் பின்னால் ஒளிந்தார். ஏழாம் கட்டிலில் வியாகுலம்மாள் மெட்டியைக் கழற்றிவிட்டுப் படுத்தாள். இருவருக்கும் தலையோடு போர்வை. வெளியே பெருவிரல் மட்டும்.

சாமி வந்தார்.

"முகம் பார்க்காமலே சொல்லிடுவீங்கல்ல?" என்றார் ஜெஸிமா.

"முகம் எதுக்கும்மா? விரல் போதும்."

ஏழாம் கட்டிலில் குண்டு துள்ளியது. "அப்பப்பா! போன தடவையைவிட ரெண்டு கூட. பதினொரு முடிச்சு! இந்த ஆளு சாதாரணப் பாவி இல்ல!" எட்டாம் கட்டிலில் குண்டு நின்றது. "பச்சப்புள்ள மனசு பாய் உங்களுக்கு."

எட்டில் போர்வை விலகியது. "சாமி, அந்த ஒம்போது முடிச்சுப் பாவி நான்தான்" என்றார் தைரியராஜ்.

ஏழில் வியாகுலம்மாள் விருட்டென்று எழுந்தாள். "எனக்கு எப்பய்யா ஆபரேஷன் ஆச்சு?"

குண்டு ஆளை எடை போடவில்லை. கட்டில் நம்பரைத்தான் எடை போட்டிருக்கிறது! சாமி குண்டைத் தூக்கிப் பார்த்தார். "இது... கட்டில் தோஷம்..."

"அப்ப கட்டில் கால்ல கயித்தக் கட்டுங்க சாமி!" என்றபடி திரைக்குப் பின்னாலிருந்து வந்தார் முஜிபுர் ரஹ்மான். வார்டே சிரித்தது. தையல் போட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சாமி போன வேகத்தில் குண்டு கீழே விழுந்தது. இப்போது அது மருத்துவமனையின் புதுக் கட்டட வேலையில் இருக்கிறது. அங்கே பொய் சொல்லாமல் பிழைக்கிறது.

"பதினொரு முடிச்சுக்கு நீ என்னடி பண்ணுன?" என்றார் தைரியராஜ்.

வியாகுலம்மாள் தண்ணீரையும் மாத்திரையையும் நீட்டினாள். "மூணு நாளு உங்களை வலியோட கிடக்க விட்டேன்ல. அதுக்குப் பதினொண்ணு பத்தாதுங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். தையல் சுருக்கென்றது. இந்த முறை மறைக்கவில்லை. "சிஸ்டர், வலிக்குது!" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

கூட்டத்தில் பாதிப் பேர் கயிற்றை அவிழ்த்தார்கள். மீதிப் பேர், மருங்காபுரியில் ஒரு நல்ல சாமி இருக்கிறாராமே என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் ஒன்று மட்டும் யோசித்துப் பார்க்கட்டும்: வலிக்கிறது என்பவனிடம் "எங்கே வலிக்கிறது?" என்று கேட்காமல் "என்ன பாவம் செய்தாய்?" என்று கேட்கிறோமே, கயிற்றைக் கையில் கட்டினோமா, மூளையில் கட்டினோமா?