வால்வில்லாத வாழ்வு

இனிமேல் இந்த வீட்டில் பகலில் டிவி ஓடாது என்று ஆர்வல் லிண்ட்க்விஸ்ட் தீர்மானித்தார். மனைவி வெர்னாவிடம் சொல்லத் துணிச்சல் இல்லை. ஆகவே மனசுக்குள் தீர்மானித்தார்.

1950களில் அமெரிக்காவின் துலூத் நகரத்து வீடுகளில் பகலெல்லாம் சோப்புக் கம்பெனிகளின் தயவில் அழுகைத் தொடர்கள். கதாநாயகி அழுவாள், வெர்னாவும் அழுவாள், அடுப்பில் இறைச்சி கருகும். பேருக்குத்தான் சோப்பு, அழுகை வந்ததே தவிர அழுக்குப் போகவில்லை.

தினமும் வெர்னா குளிக்கும்போது ஆர்வல் டிவியின் முதுகைத் திறந்து, உள்ளே பல்பு போல எரியும் வால்வுகளில் ஒன்றைப் பிடுங்குவார். சாப்பாட்டு டப்பாவில் சாண்ட்விச்சுக்குப் பக்கத்தில் வைத்து வேலைக்குப் போவார். மாலையில் திரும்ப மாட்டிவிடுவார்.

“பகல்ல பெட்டி கண்ணே திறக்க மாட்டேங்குதுங்க.”

“அதுக்கும் ஓய்வு வேணாமா, வெர்னா?”

ஆனால் இறைச்சி கருகிக்கொண்டேதான் இருந்தது. பாவம், துக்கத்தில் கருக்குகிறாள் என்று ஆர்வல் இரக்கப்பட்டார்.

வெள்ளிக்கிழமை இரவு குத்துச்சண்டை, பட்டத்துக்கான போட்டி. “எங்க வீட்ல நான் வச்சதுதான் சட்டம், வந்து பாரு” என்று பக்கத்து வீட்டு கஸ் ஹாஃப்ஸ்டாடை அழைத்திருந்தார். கஸ் பீரோடு வந்து உட்கார்ந்தார். ஆர்வல் பொத்தானைத் திருகினார். பெட்டி பிணமாகக் கிடந்தது.

வெர்னா பாப்கார்னோடு வந்தாள்.

“வால்வு இருக்கான்னு பாத்தீங்களா?”

“எல்லாம் இருக்கே!”

“எது, தினம் சாண்ட்விச்சோட ஊர் சுத்திட்டு வருதே, அதுவா?”

கஸ்ஸுக்குப் பீர் புரையேறியது.

“அதுக்கு ஜோடியா, டிவி வால்வும் விக்கிற மருந்துக்கடையில மொத நாளே ஒண்ணு வாங்கிட்டேன். பகல்ல அதுலதான் ஓடுது. இன்னிக்கு நான் பிடுங்கினது வேற ஒண்ணு. என் ஏப்ரன் பாக்கெட்ல இருக்கு.”

“வெர்னா... மணி அடிச்சிடுவான். குடும்மா.”

“இனிமே பெட்டியோட முதுகுல கை வைப்பீங்களா?”

“என் முதுகு மேல சத்தியமா மாட்டேன்!”

வால்வு மாட்டி, பெட்டி சூடேறி, படம் தெளிவதற்குள் ஒரு பயில்வான் தரையில் கிடந்தான். நடுவர் எண்ணி முடித்துவிட்டார்.

“அடடா, விழுந்ததைப் பாக்காம விட்டுட்டோமே!” என்றார் ஆர்வல்.

“நான் பாத்தேன்ப்பா. இங்கயே பாத்தேன்,” என்றார் கஸ்.

கறுப்பு வெள்ளை போய் வண்ணம் வந்தது. கௌபாய்கள் போய்த் துப்பறிவாளர்கள் வந்தார்கள். வால்வு போய் ரிமோட்டும் வந்தது. அந்த ரிமோட் எப்போதும் ஆர்வல் கையில்தான் இருந்தது.

பேட்டரி வெர்னாவிடம்.