போர்டிகோவில் முளைத்த குகை

கவலைப்படுகிற மனுஷன் கையில் ஏணி கிடைக்கக் கூடாது. எனக்குக் கிடைத்தது, தங்கை செல்வியின் நிச்சயதார்த்தத்தன்று காலையில். 2009 என்று ஞாபகம்.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், எங்களுக்கு ஒரு மாவு மில். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அதில் உட்கார்ந்தவன் நான். மில் ஓடினால் பெல்ட் அறுந்துவிடுமோ என்று பயம். ஓடாவிட்டால் மில்லே போய்விடுமோ என்று பயம். (நடுவுல சாப்புடுவேன்.) அப்பா இல்லாததால் செல்வி கல்யாணம் என் தலையில். மாப்பிள்ளை கதிரவன் அண்ணாமலை நகரில் கல்லையும் பாறையையும் பற்றிப் படித்துவிட்டு, அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்ப்பவர். இது தட்டிப்போனால் இன்னொரு இடம் அமையவே அமையாது என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

எங்கள் போர்டிகோவுக்கு மேலேதான் தண்ணீர்த் தொட்டி. அது கசிந்து கசிந்து, கூரையின் அடியில் விரல் நீளத்துக்கு வெள்ளைக் குச்சிகள் தொங்கின. நடுவில் துளை, நுனியில் ஒரு சொட்டு. வீட்டுக்கு எலும்பு வெளியே வந்துவிட்டது, இனி இடியவேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தேன். இடிகிற வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? ஏணி போட்டு, ஒட்டடைக் கம்பால் அத்தனையையும் தட்டி உதிர்த்தேன். சொட்டு அதிகமானது. பந்தல் துணியைக் கூரையோடு இழுத்துக் கட்டி மறைத்தேன். விருந்தாளிகளுக்குத் தண்ணீர் போதாமல் போனால் என்று மோட்டாரைப் போட்டுத் தொட்டி வழிய வழிய விட்டேன்.

மாப்பிள்ளையின் அத்தை சிதம்பரத்திலிருந்து வந்தார். அவர் தலையசைத்தால்தான் அந்தக் குடும்பத்தில் எதுவும் நடக்கும். முகத்தில் பளிச்சென்று மஞ்சள். காற்று வரும் இடமாகப் பார்த்து நானே அவருக்கு நாற்காலி போட்டேன். துணிக்கு நேர் கீழே.

அத்தை தாம்பூலத் தட்டை நீட்டினார். கசிந்த தண்ணீரெல்லாம் சேர்ந்து நிறைமாத வயிறு போல் தொங்கிய துணி படீரென்று கிழிந்தது. மொத்தத் தண்ணீரும் அவர் தலையில். அடுத்த கணம், மஞ்சள் முகத்தில் சிவப்புச் சிவப்பாகக் கோடு இறங்கியது.

"அய்யய்யோ, ரத்தம்!" என்று அலறினாள் அம்மா.

அத்தை கன்னத்தைத் தொட்டார், விரலைப் பார்த்தார், நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். கூரை விழுந்து மண்டை உடைந்துவிட்டது என்றே நம்பினேன். மனசுக்குள் ஜாமீனுக்கு ஆள் தேட ஆரம்பித்துவிட்டேன். கையில் அகப்பட்ட சோப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மா தேய்க்கத் தேய்க்க, முகம் இன்னும் சிவந்தது.

மாப்பிள்ளை அத்தையைப் பார்க்கவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"மச்சான், இங்க வெள்ளையா குச்சி குச்சியா தொங்குச்சா?"

"தொங்குச்சு மாப்ள. காலையிலதான் தட்டி உட்டேன்."

"எல்லாத்தயுமா!" அவர் முகத்தில் அப்போதுதான் அதிர்ச்சி வந்தது. "சுண்ணாம்புப் பாறைக் குகைல இப்புடித்தான் மச்சான் தொங்கும். மழத்தண்ணி மண்ணுல இருக்குற வாயுவச் சேத்துக்கிட்டு பாறையக் கரைச்சிக்கிட்டே எறங்கும். உள்ள வந்து சொட்டும்போது வாயு போயிடும், சுண்ணாம்பு கல்லாத் தங்கிடும். மேலேர்ந்து விழுது, கீழேர்ந்து கூம்பு. ரெண்டும் சேந்தா தூணு. அங்க விரல் நீளம் வளர நம்ம ஆயுசு பத்தாது. இங்க சிமெண்ட்டு சுண்ணாம்பு, அதான் வேகமா வளந்துருக்கு."

"மாப்ள... ரத்தம்?"

"ஆரத்தி எப்புடிக் கரைப்பீங்க? மஞ்சள்ல சுண்ணாம்பப் போட்டுத்தான? கூரைத் தண்ணில சுண்ணாம்பு, மூஞ்சில மஞ்சள். சோப்புப் பட்டாலும் மஞ்சள் செவக்கும் மச்சான்."

அத்தை ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"அப்ப எனக்கு ஆரத்தி சுத்தாம தலைலயே ஊத்திட்டானா இவன்?" நனைந்த தட்டை என் பக்கம் நீட்டினார். "புடி தம்பி, சீக்கிரம் புடி. அடுத்து என்னா ஊத்துவியோ!"

கல்யாணம் நடந்தது. தொட்டியைப் பூச வந்த கொத்தனாரிடம், ஒரு மூலையை மட்டும் விட்டுவைக்கச் சொல்லிவிட்டார் மாப்பிள்ளை. அங்கே மறுபடி குச்சி தொங்குகிறது. தரையில் சின்னதாக ஒரு மொட்டு. தூணாகும் வரை வீடு நிற்குமா என்பது என் இப்போதைய கவலை.

அத்தை இன்றும் வருவார். வாசலிலேயே குடையை விரித்துக்கொண்டு, "தம்பி, குகை தொறந்திருக்கா?" என்று கேட்பார். மற்ற நாளெல்லாம் மஞ்சள் பூசும் அந்த முகத்தில், எங்கள் வீட்டுக்கு வரும் நாளில் மட்டும் பவுடர்.