தகட்டை இழுத்துப் பார்த்திருக்கலாம்

மூன்று நாள் வீடியோ பார்த்தால் எந்த விஷயத்திலும் நிபுணன் ஆகிவிடும் வியாதி எனக்கு உண்டு. நாற்பத்தைந்து வயதாகியும் குணமாகவில்லை. அந்த வியாதி முற்றிய ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் சொல்கிறேன். சொல்லும்போதே இடுப்பு வலிக்கிறது.

மேனாம்பேட்டில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். என் மனைவி மலர் கல்யாணத்துக்கு முன்பே முறையாகத் தையல் கற்றவள். போன வருடம் எங்கள் மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்குப் பன்னிரண்டு பாவாடை தைத்துத் தர ஒப்புக்கொண்டாள். அவளுடைய முதல் ஆர்டர். துணியெல்லாம் வெட்டி வைத்தாயிற்று, மிஷின்தான் இல்லை. அடுத்த சனிக்கிழமையே விழா. பழைய காலத்து இரும்பு மிஷினில்தான் தனக்குக் கை படியும் என்றாள். அந்த மாதிரி மிஷின் விற்கும் பட்டறை ஒன்று பூந்தமல்லியில் இருந்தது.

"பூந்தமல்லிக்கு நானும் வர்றேங்க."

"நீ வேண்டாம். உன் முகத்தப் பாத்தாலே ஏமாத்திடுவாங்க" என்றேன். (மகள் பக்கத்தில் இருந்தாள். அப்படிச் சொல்லவே இல்லை என்று இப்போது மறுக்க வழியில்லை.)

மெட்ரோ வேலைக்காக வைத்த தடுப்புகளைச் சுற்றிச் சுற்றிப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. நாலரைக்கு ராகு காலம். என்னதான் ஐ.டி. வேலை என்றாலும், ராகு காலத்தில் ஒரு பொருளுக்குக் காசு கொடுத்து வாங்குகிற தைரியம் எனக்கு இல்லை.

இருந்த அரை மணி நேரத்தில் இருபத்தைந்து நிமிடம் செல்போன் டார்ச்சை அடித்து, மிஷினின் கழுத்தில் இருந்த தங்கப் பூ வேலையை ஆராய்ந்தேன். நம்பரைப் படித்து வயதைக் கணித்தேன். காலில் துருவைச் சுரண்டினேன். சக்கரத்தை ஒற்றை விரலால் தட்டினேன். வெண்ணெயாகச் சுற்றியது.

கடைக்காரர் டீயைக் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், பெயிண்டையே பாத்துகினு கீறே. நூல கோத்து ஓட்டிப் பாரு. அந்தத் தகட்ட இஸ்துப் பாரு. நான் வந்தத வந்த மாரியே விக்கிற ஆளு."

மணி நாலு இருபத்தாறு.

"சக்கரம் சுத்துறதுலயே தெரிஞ்சிடும்ணே" என்றேன்.

"சரி சார். அப்பால வந்து கேக்கக் கூடாது."

நாலரைக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டு, லோடு ஆட்டோவில் ஏற்றி வந்தேன். லிஃப்ட் ஓடவில்லை. டிரைவரும் நானும் மூன்று மாடி தூக்கினோம். என் இடுப்பு இரண்டாவது மாடியிலேயே நின்றுவிட்டது, நான் மட்டும் மேலே வந்தேன்.

மகள் மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். மலர் உட்கார்ந்து சக்கரத்தை ஒரே ஒரு சுற்று சுற்றினாள். முகம் மாறிவிட்டது. நூலைக்கூட எடுக்காமல் ஊசிக்குக் கீழே இருந்த தகட்டை இழுத்தாள். அடிநூலைச் சுமந்து ஓட வேண்டிய ஷட்டில் அங்கே இல்லை. ஊசி மேலும் கீழும் போகும், ஒரு தையல்கூட விழாது.

"உள்ள ஒண்ணும் இல்ல, அதான் இவ்வளவு லேசா சுத்துது. நான் வந்திருந்தா அரை நிமிஷம்ங்க."

திட்டவில்லை. வெட்டி வைத்த துணிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கே அவள் பின்னால் பூந்தமல்லிக்குப் போனேன். அந்த மாடலுக்கு இப்போது ஷட்டில் கிடைக்காது என்றார் கடைக்காரர். மலர் நேராகப் பட்டறைக்குள் போனாள். மூலையில் பெயிண்ட் உரிந்து கிடந்த ஒரு மிஷினின் தகட்டை இழுத்துப் பார்த்தாள். கைப்பையிலிருந்து நூலும் துண்டுத் துணியும் எடுத்தாள், நாலு விரற்கடை தைத்தாள், திருப்பிப் பார்த்தாள். "இது போதும்ணே."

"இந்த அம்மாவ நேத்தே இட்டுனு வந்திருக்கலாமே சார்" என்றார் அவர்.

மலரின் காதருகே போய், திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம் என்று நினைவூட்டினேன். அவள் பார்த்த பார்வையில் நானே போய் லோடு ஆட்டோ பிடித்து வந்தேன்.

வியாழக்கிழமையே பன்னிரண்டு பாவாடையும் முடிந்தன. ராகு காலத்தில் வாங்கிய அந்த மிஷின் இன்றைக்கும் ஓடுகிறது. இப்போதெல்லாம் பழைய மிஷின் வாங்கப் போகிறவர்கள் மலரைத்தான் கூட அழைத்துப் போகிறார்கள். (தூக்குவதற்கு என்னை.)

நான் வாங்கியது இப்போது என் லேப்டாப் மேஜை. மீட்டிங்கில் நான் நீளமாகப் பேசும்போது கால் தானாக மிதிக்கும், சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றும். கதவருகே நின்று மகள் அம்மாவிடம் சொல்வாள்: "அப்பா நல்லாத்தாம்மா சுத்துறாரு. தகட்டத்தான் யாரும் இழுத்துப் பாக்கல."