நமுனுகுலையில் நான் திறந்த நூதனசாலை

கொழும்பு நூதனசாலையை, அதாவது அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பொதுவாகக் கால்வலியோடு ஊர் திரும்புவார்கள். நான் ஒரு லட்சியத்தோடு திரும்பினேன். கால்வலியாக இருந்திருந்தால் வெந்நீர் ஒத்தடத்தோடு போயிருக்கும்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. நமுனுகுலை மலைப்பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். ஐந்து வகுப்புகளும் ஒரே அறையில், எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான். (தலைமையாசிரியரும் நானே. எனக்குக் கீழ் வேலை பார்த்த ஒரே ஆள் நான். அந்த ஆளும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.) வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வித்தியாதரிசி என்று நாங்கள் சொல்லும் பள்ளிக்கூட அதிகாரி வந்து பார்த்து, திருப்தி என்று எழுதினால்தான் நிரந்தரம். நிரந்தரமானால்தான் மரகதம்.

மரகதம் என் மாமா மகள். மாமாவுக்குப் பதுளை கடைத்தெருவில் துணிக்கடை. "மருமகனே, ஒங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க. ஒங்க வேலை மேலதான் கொறை" என்று அவர் ஏற்கெனவே துணியைக் கிழிப்பதுபோல நேராகச் சொல்லியிருந்தார்.

நாலாம் வகுப்பு வாசிப்புப் புத்தகத்தில் நாட்டில் பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. பேராதனைப் பூந்தோட்டம், தெகிவளை மிருகக்காட்சிசாலை, சிகிரியா, கொழும்பு நூதனசாலை என்று அது நீண்டுகொண்டே போகும். பிள்ளைகள் அதை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஒப்பித்து முடித்ததும் யாராவது ஒருவர், "நம்ம எப்பங்க போவோம் வாத்தியாரய்யா?" என்று கேட்டுவிடுவார். பக்கத்தில் இருக்கும் துன்ஹிந்த நீர்வீழ்ச்சியைக்கூட அவர்கள் பார்த்ததில்லை. ஒரு நாளைக்கு லொறி தரமுடியுமா என்று தோட்ட நிர்வாகியான பெரிய துரையிடம் கேட்டுப் பார்த்தேன். லொறி தேயிலை ஏற்றுவதற்கு என்று பதில் வந்தது.

பிள்ளைகள் நூதனசாலைக்குப் போகமுடியாவிட்டால் நூதனசாலை பிள்ளைகளிடம் வரட்டும் என்று முடிவு செய்தேன். வித்தியாதரிசி வரும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தேன். (கல் என் தலையில் விழும் என்று மாங்காய்க்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை.)

"எல்லாரும் வீட்ல இருக்கிற பழைய சாமான்ல ஒண்ணு கொண்டு வரணும். நல்லா பழசா இருக்கணும்" என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

நான் கடைவீதியில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் பழைய சாமான் என்றால் பரணில் கிடக்கும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு காம்பராவில், ஒற்றை அறையில், ஒரு குடும்பமே இருக்கிறது. பரணும் கிடையாது, பரணில் போட்டுவைக்க மிச்சமும் கிடையாது. அங்கே இருக்கிற சாமான் எல்லாமே பழசு, எல்லாமே அன்றாடம் புழங்குவது. இது தெரியாமல் நான் அங்கே இரண்டு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன் என்பதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

குறிப்பிட்ட நாள் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுச் சத்தம் கேட்டு, பேர் கொடுத்துவிட்டுப் பெற்றோர்கள் மலைக்குப் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் பிள்ளைகள் சாமான்களோடு வரத் தொடங்கினார்கள். லாந்தர், பித்தளைச் செம்பு, முறம், எலிப்பொறி எல்லாம் வந்தன. வெயில் அடித்ததால் அன்று வீட்டிலேயே விட்டுப்போன, மழைக்குப் போர்த்தும் கம்பளிகள் நாலைந்து வந்தன. நாலாம் வகுப்பு செல்லம்மா வீட்டு அம்மியை இரண்டு பேர் தூக்கிவர, அவள் குழவியைப் பிள்ளைபோல இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

பெஞ்சுகளில் எல்லாவற்றையும் அடுக்கினேன். பெயர் எழுதிய தாள்களை ஒட்டினால் மலை ஈரத்தில் கோந்து பிடிக்கவில்லை. ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், பெட்டிகளுக்கு அடையாளம் போடும் கறுப்பு மை ஒரு டப்பா வாங்கிவந்து சாமான்கள் மேலேயே எழுதிவிட்டேன். 'பழங்காலப் பொருள். தொடாதீர்கள்.' அம்மியின் பக்கவாட்டில், கம்பளிகளின் நடு முதுகில், செம்பின் வயிற்றில் எல்லாம் அழகான குண்டு எழுத்து. என் கையெழுத்து மேல் எனக்கு அப்போது நல்ல அபிப்பிராயம் இருந்தது.

காலையில் வரவேண்டிய வித்தியாதரிசியின் கார் மலை வளைவில் நின்றுபோய், அவர் மத்தியானம்தான் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை வேட்டி, கோட்டு, குடை. வாசலில் நின்று பெஞ்சுகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நூதனசாலை! தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலை இப்பிடி ஒண்டை நான் காணேல்லைத் தம்பி."

மரகதத்தின் கழுத்தில் தாலி ஏறுவது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. அவர் அம்மியருகே போய்க் குனிந்தார்.

"இதை எங்கை எடுத்தனீர்?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "மலையில மண்ணு தோண்டறப்ப கெடைச்சதுங்க" என்றேன். பிள்ளைகள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். செல்லம்மா தன் அம்மியைப் பார்த்தாள்.

வித்தியாதரிசி அம்மியின் மூலையை விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோனார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"தம்பி, முற்கால மக்கள் அரைச்ச சம்பல் இன்னும் காயேல்லை."

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. நமுனுகுலை மழைக்கு எச்சரிக்கை கிடையாது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கம்பளி எடுக்கவும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் லயத்துக்கு ஓடியிருக்கிறார்கள். அங்கே கம்பளியும் இல்லை, அம்மியும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூட வாசலில் நனைந்த கூட்டம். முன்னால் நின்றவர் செல்லம்மாவின் அம்மா, மாரியாயி அக்கா.

"வாத்தியாரய்யா, எங்க அம்மி இங்கன இருக்குன்னாங்க. சம்பல் அரைக்கணுமுங்க. திரும்ப மலைக்கு ஓடணும்."

அவர் அம்மியில் கை வைத்தார். நான் பழக்கிவைத்திருந்த பிள்ளைகள், அதுவரை ஒரு பாடத்தையும் ஒழுங்காகச் சொல்லாத பிள்ளைகள், ஒரே குரலில் "தொடாதீர்கள்!" என்று கத்தினார்கள்.

மாரியாயி அக்கா கையை எடுத்துவிட்டார். அப்போதுதான் கறுப்பு எழுத்து அவர் கண்ணில் பட்டது.

"என்னா புள்ள எழுதியிருக்கு?"

செல்லம்மா என் வகுப்பில் நன்றாக வாசிக்கிறவள். திக்காமல் வாசித்தாள். "பழங்காலப் பொருள். தொடாதீர்கள்."

"நேத்து ராத்திரி அரைச்சது எப்படிங்க பழங்காலமாச்சு?" என்றார் அக்கா. வித்தியாதரிசி இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார். பெண்களும் சிரித்தார்கள். அதோடு முடிந்திருந்தால் நானும் ஒருநாள் சிரித்திருப்பேன். ஆனால் அக்கா கம்பளிகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"யாரு தொடக்கூடாதுங்க வாத்தியாரய்யா? நாங்களா?"

தரையில் ஓட்டை இருந்தால் போயிருப்பேன். புதிய சிமெந்துத் தரை. ஒவ்வொருவராக வந்து தங்கள் சாமானை எடுத்துக்கொண்டு போனார்கள். என் நூதனசாலை ஐந்து நிமிஷத்தில் வெறும் பெஞ்சுகளானது. எலிப்பொறிக்கு மட்டும் யாரும் வரவில்லை.

வித்தியாதரிசி குடையை விரித்துக்கொண்டே சொன்னார்: "நூதனசாலை வைக்கிறது பிழையில்லைத் தம்பி. ஆக்கள் உயிரோடை இருக்கேக்கை அவையின்ரை சாமானைக் கொண்டுவந்து வைக்கிறதுதான் பிழை. பொய் சொன்னது அதைவிடப் பிழை. இன்னும் ஒரு வருஷம் பொறும்."

அந்த ஒரு வருஷம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். அந்தக் கறுப்பு எழுத்தை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், சவர்க்காரம் போட்டு ஊறவைத்தேன், மணல் போட்டும் பார்த்தேன். கடல் தாண்டி லண்டன் வரை போகும் பெட்டிக்கென்று செய்த மை அது. மழை வந்தால் போதும், கம்பளி போர்த்திய பெண்கள் மலைச்சரிவில் நிரை நிரையாக நிற்பார்கள். பச்சைத் தேயிலைக்கு நடுவே நாலைந்து முதுகுகளில் என் குண்டு எழுத்து தெரியும். நான் பள்ளிக்கூட ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். மலையில் வேலை வாங்கும் பெரிய கணக்கப்பிள்ளை என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஒங்க பாடம் மலை பூரா நடக்குது வாத்தியாரே" என்பார். பதுளையில் மாமா, "ஒரு வருஷம்தானே, பாப்போம்" என்றாராம். அந்தப் 'பாப்போம்' என்ற சொல்லோடு நான் படுத்தேன், எழுந்தேன். மாமாவின் கடைக்கு வேறு மாப்பிள்ளைகள் துணி வாங்க வருகிறார்கள் என்று கற்பனை செய்து சாப்பாட்டையும் விட்டேன்.

ஒருவழியாக அடுத்த வருஷம் நிரந்தரமானது. மாமாவும் வாக்குத் தவறவில்லை. எனக்கென்று தோட்டத்தில் வீடு இல்லாததால் கல்யாணம் அதே பள்ளிக்கூட அறையில். பந்தல், வாழைமரம், மேளம் எல்லாம் வந்தாயிற்று. முகூர்த்தம் நெருங்கும்போதுதான் ஐயர் கேட்டார், "அம்மி எங்கே?"

பெண் அம்மி மிதிக்காமல் கல்யாணம் ஏது? எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாரியாயி அக்கா எழுந்து போனார். திரும்பி வந்தபோது தலையில் சும்மாடு, அதன்மேல் அம்மி. மணவறையில் இறக்கி, எழுத்து இருந்த பக்கம் சபையைப் பார்க்கும்படி வைத்தார். (தற்செயல் என்று மரகதம் சொல்கிறாள். நான் நம்பவில்லை.)

மரகதத்துக்கு எழுத்து தெரியும். தூக்கிய பாதத்தை அப்படியே அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "தொடக் கூடாதுன்னு எழுதியிருக்குதே" என்று மெதுவாகத்தான் சொன்னாள். பின்னால் இருந்த மாமா அதைச் சத்தமாக வாசித்துவிட்டார். மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

மாப்பிள்ளை குனிந்து பெண்ணின் பாதத்தைப் பிடித்து அம்மிமேல் வைக்கவேண்டும். குனிந்தேன். என் கையெழுத்து மூக்குக்கு நேரே இருந்தது. தலைக்கு மேலே மாரியாயி அக்காவின் குரல் கேட்டது:

"இப்பத் தொடலாமுங்களா வாத்தியாரய்யா?"

பந்தலே குலுங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் வீட்டில் கடைசி வடையை எடுக்கிறவர்கள் எல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறார்கள். தான் ஒரு வருஷம் பிந்திப் பிறந்ததற்கு அந்த அம்மிதான் காரணம் என்று மூத்த மகன் கணக்குச் சொல்வான். மரகதம் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிக்கிறேன். ஆனால் அன்று மாரியாயி அக்கா சிரித்தாரா என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. குனிந்த தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்க்கிற தைரியம் மாப்பிள்ளைக்கு இருக்கவில்லை.