கை உள்ளே போன காரணம்

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது எது என்று கேட்டால் சிலர் சக்கரம் என்பார்கள், சிலர் நெருப்பு என்பார்கள். பாவம், அவர்கள் யாரும் எங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனியின் 'விபத்து ஆய்வுக் குழு'வைப் பார்த்ததில்லை. நான் அதன் செயலாளர். பெருமைக்காகச் சொல்லவில்லை, சம்பளத்துக்காகச் சொல்கிறேன்.

தொழிலாளர் இழப்பீடு என்பது பார்வைக்கு ரொம்பச் சுலபமான சங்கதி. வேலை செய்யும்போது, வேலையின் காரணமாக அடிபட்டால் வைத்தியச் செலவும், வீட்டில் கிடக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கும் காப்பீட்டிலிருந்து வந்துவிடும். யார் மேல் தப்பு என்றுகூடப் பார்க்க மாட்டார்கள். இவ்வளவு நல்ல காரியத்தைக் கேட்பாரற்று விட்டுவைக்க முடியுமா? அதனால்தான் மனுக்கள் காப்பீட்டுக்காரர்களிடம் போவதற்கு முன் வடிகட்ட ஒரு குழு அமைத்து, தலைமைப் பொறுப்பையும் தாமே சுமந்தார் எங்கள் மேலாளர். மூன்றாவது உறுப்பினர் கணக்கர். எதற்கும் தலையாட்டுவார், ஆட்டாவிட்டால் தூங்குகிறார் என்று அர்த்தம்.

அன்று விசாரணைக்கு வந்தது பஞ்சிங்காரரின் மனு. அட்டையைப் பெட்டி வடிவத்தில் வெட்டும் இயந்திரத்தை ஓட்டுபவர் அவர். சிக்கிக்கொண்ட அட்டையை எடுக்கப் போய் வலது கை உள்ளே போய்விட்டது. இன்னொரு அறுவைச் சிகிச்சை செய்தால் விரல்கள் மடங்கும், தள்ளிப்போட்டால் அப்படியே விறைத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காப்பீடு வந்தால்தான் சிகிச்சை. கட்டுப் போட்ட கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு, மனைவியோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

மேலாளர் எடுத்த எடுப்பிலேயே விஷயத்தின் வேரைப் பிடித்தார். இவருக்குக் கொடுத்த வேலை இயந்திரத்தை ஓட்டுவது. சிக்கிய அட்டையை எடுக்கச் சொல்லி வேலை உத்தரவில் ஒரு வரியும் இல்லை. ஆகவே கை உள்ளே போனது 'சொந்த அலுவலாக'. எனக்குப் புல்லரித்தது. கணக்கர் தலையாட்டினார்.

"வீட்டுல குழாய் ஒழுகிக்கிட்டே கெடக்கு. சொந்த வேலைக்கு நான் எத்தனை தடவை கூப்பிட்டாலும் அந்தக் கை வராது சார்," என்றார் மனைவி. "இங்க மட்டும் சொந்த வேலையா போயிடுச்சா?"

வீட்டுக் குழாய் குழுவின் வரம்புக்குள் வராது என்பதால் நாங்கள் நேரடிச் சோதனைக்குக் கிளம்பினோம். முறையாக எடுத்தால் கை சிக்கவே சிக்காது என்பதைத் தாமே செய்துகாட்டுவதாக மேலாளர் அறிவித்தார். சட்டைக் கையை மடித்துவிடவில்லை, அதிகாரிகள் மடிப்பதில்லை. ஓடுகிற இயந்திரத்தில் ஓர் அட்டையைச் சிக்கவைத்து, இப்படி நைசாக இழுக்க வேண்டும் என்று விளக்கினார். அட்டை வரவில்லை. சட்டைக் கை போனது. அதன் பின்னாலேயே மேலாளரும் போகத் தொடங்கினார்.

நான் குறிப்பெடுத்தேன். கணக்கர் தலையாட்டினார். பஞ்சிங்காரர்தான் பாய்ந்துபோய், இருந்த ஒரு நல்ல கையால் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தார். இயந்திரம் நின்றது.

மொத்தச் சேதம்: ஒரு சட்டைக் கை, சுண்டுவிரலில் ஒரு கீறல். குழு நின்ற இடத்திலேயே அவசரமாகக் கூடியது. கீறல் வேலையின்போது நேர்ந்ததா? ஆமாம். வேலையின் காரணமாகவா? இதில் என்ன சந்தேகம்? சுண்டுவிரலில் போட்ட மருந்து காய்வதற்குள் மேலாளரின் மனு காப்பீட்டுக்குப் புறப்பட்டுவிட்டது. எங்கள் வேகத்தை நினைத்து எனக்கே கண் கலங்கியது.

"அப்போ நம்மளது சார்?" என்று மெதுவாகக் கேட்டார் பஞ்சிங்காரர்.

மேலாளர் சுண்டுவிரலை ஊதிக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பொத்தான் எங்க இருக்குன்னு உனக்கு நல்லாவே தெரியுது. அமுக்கினா மிஷின் நிக்கும்னும் தெரியுது. அப்புறம் அன்னைக்கு ஏன் நிறுத்தாம கையை விட்ட?"

அடடா, என்ன கேள்வி! வழக்கு தீர்ந்தது என்று நான் 'கவனக்குறைவு' என்று எழுதவே தொடங்கிவிட்டேன்.

"அன்னைக்கு நீங்க பக்கத்துலதான் நின்னீங்க சார்," என்றார் பஞ்சிங்காரர். "மிஷினை நிறுத்துறவன் அப்படியே வீட்டுக்குப் போயிடலாம்னு சொல்லிட்டிருந்தீங்க."

எனக்குப் பஞ்சிங்காரரின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. இருந்தாலும் எங்கள் குழுவை நீங்கள் பாராட்டித்தான் ஆக வேண்டும்: விபத்துக்கான காரணத்தை ஒரே அமர்வில் கண்டுபிடித்துவிட்டோம். மனுவைத்தான் இன்னும் அனுப்ப முடியவில்லை. அதில் கையெழுத்துப் போட வேண்டியவரே அந்தக் காரணம்தான்.